சர்க்யூட் போர்டிலிருந்து மூளைக்கு: எட் பாய்டன் வந்த வழி

[திரையில்: ஒரு நியூரான். அதன் மேல் கோடு கோடாக ஒரு மின்சுற்று வரையப்படுகிறது.]

வணக்கம். மின்பொறியியல் படித்தவர்களுக்கு இந்தப் படம் பார்த்த முகம்தான். ஒரு கெப்பாசிட்டர், சில ரெசிஸ்டர்கள், சில பேட்டரிகள். ஆனால் வரைந்திருப்பது நியூரானின், அதாவது நரம்புச் செல்லின், சவ்வை. அந்த மெல்லிய கொழுப்புப் படலம், கெப்பாசிட்டர் போல, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிறது. அதிலுள்ள அயனி வாயில்கள், அதாவது மின்னூட்டமுள்ள அணுக்கள் போய்வரும் வழிகள், ரெசிஸ்டர் வேலையைப் பார்க்கின்றன. சோடியமும் பொட்டாசியமும் உள்ளே ஓரளவு, வெளியே வேறளவு இருப்பதால் பேட்டரியும் கிடைத்துவிடுகிறது. கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை 1952இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் இப்படித்தான் சமன்பாடுகளாக எழுதினார்கள்.

நரம்பியல் விஞ்ஞானி எட் பாய்டன் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் இயற்பியலும் படித்து 1999இல் வெளியே வந்தவர். அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் நரம்பியலில் முனைவர் பட்டம். படித்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டாரா என்றால், இல்லை. அவரை உலுக்கிய கேள்வியே பொறியாளரின் கேள்விதான்.

சர்க்யூட் பழுதானால் என்ன செய்வோம்? ஓர் இடத்தில் சிக்னல் கொடுத்து, இன்னோர் இடத்தில் என்ன வருகிறது என்று பார்ப்போம். மூளையில் அது சுலபமில்லை. மின்முனையைச் செருகி மின்சாரம் கொடுத்தால் அக்கம்பக்கத்து செல்களும் சேர்ந்து துடிக்கும். எந்தச் செல்லால் எது நடந்தது என்று எப்படிப் பிரிப்பது?

[திரையில்: பச்சைப் பாசி ஒன்று வெளிச்சத்தை நோக்கி நீந்துகிறது.]

விடை இந்தப் பாசியிடம் இருந்தது. சேனல்ரோடாப்சின் என்ற புரதத்தின் மீது நீல ஒளி பட்டால், அது அயனிகளுக்கு வழிவிடும். பாய்டனும் மனநல மருத்துவரான கார்ல் டைசரோத்தும் சகாக்களோடு சேர்ந்து, அந்தப் புரதத்துக்கான மரபணுவை நியூரான்களுக்குள் செலுத்தினார்கள். தட்டில் வளர்ந்த ஒரு செல். அதன் மேல் ஒரு நீல மின்னல். உடனே திரையில் ஒரு கூர்மையான மின்துடிப்பு, மில்லிசெகண்ட் கணக்கில். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது. 2005இல் கட்டுரை வெளிவந்தது. இப்படி ஒளியால் செல்களை இயக்கும் முறைக்குப் பெயர் ஆப்டோஜெனெடிக்ஸ். இன்று அது இல்லாத நரம்பியலை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

சரி, பொறியியலிலிருந்து வருபவர்களுக்கு இடறும் இடம் எது? மனிதர் செய்த கருவிக்கு, அது எப்படி நடக்கும் என்று சொல்லும் ஒரு டேட்டாஷீட் உண்டு. சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ள மூளைக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரே வகைச் செல்கள் இரண்டு ஒரே மாதிரி நடப்பதில்லை.  உயிரியலை அடியிலிருந்து, பொறுமையாகக் கற்றே ஆக வேண்டும். என்னைக் கேட்டால், கணக்கு போடுவதைவிட இதுதான் கஷ்டம்.

ஆனால் கருவி செய்கிற கை சும்மா இருக்காது. மைக்ராஸ்கோப்புக்கு எட்டாத அளவு நுண்ணிய இணைப்புகளை எப்படிப் பார்ப்பது? பாய்டனின் குழு திசுவையே ஊத வைத்துப் பார்த்தது. குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் அதே வகைப் பொருளைத் திசுவுக்குள் ஊடுருவ வைத்து, தண்ணீர் சேர்த்தார்கள். 2015இல் அந்தக் கட்டுரை வந்தது.

[திரையில்: கண்ணாடித் தட்டில் மூளைத் திசுவின் மெல்லிய துண்டு. தண்ணீர் ஏற ஏற ஒவ்வொரு பக்கமும் நான்கு மடங்குக்கு மேல் விரிகிறது.]