நாலெழுத்து ஆவல்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல். ‘அகாக்’. ஏ, ஜி, ஓ, ஜி. பேனா தேட வேண்டாம், நாலே எழுத்துதான். சொல்லும்போது பின்பாதியை அழுத்த வேண்டும்: அ...காக்.

ஆவலோடு எதிர்பார்த்திருப்பது என்று அகராதியில் போட்டிருக்கும். சரிதான். ஆனால் முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவன் சொல்கிறேன், இதை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னால் முக்கால்வாசிப் பிள்ளைகள் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருந்ததைத்தான் எழுதுவார்கள். ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் வயிறு கலங்கும். அகாக்கில் கலக்கமே கிடையாது, சிரிப்புதான் இருக்கிறது.

பழைய பிரெஞ்சில் ‘கோக்’ என்றால் வேடிக்கை, கும்மாளம். ‘ஆன் கோக்’ என்றால் கும்மாளத்தில் இருப்பது. அதுதான் கடல் தாண்டி அகாக் ஆகியிருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்கள் பலரும் காட்டுகிற வழி.

எனக்கு இந்தச் சொல் கிடைத்தது ஒரு பாட்டில். 1782இல் வில்லியம் கூப்பர் எழுதிய ஜான் கில்பின் கதை. எழுத்தைப் பார்த்தால் ‘கௌப்பர்’ என்று வரும், சொல்வது கூப்பர். மனச்சோர்வில் கிடந்த மனிதர். ஒரு சிநேகிதி சொன்ன கதையைக் கேட்டு ராத்திரி முழுக்கச் சிரித்து, பாட்டாகவே எழுதிவிட்டார்.

கில்பின் லண்டன் சீப்சைடில் துணிக்கடைக்காரர். கல்யாணமாகி இருபது வருஷம், ஒருநாள்கூட விடுமுறை கண்டதில்லை. நாளைக்குக் கல்யாண நாள், எட்மன்டனில் பெல் விடுதிக்குப் போவோம் என்கிறாள் மனைவி. வண்டியில் அவள், கூடப்பிறந்தவள், அவள் குழந்தை, தன் பிள்ளைகள் மூன்று பேர். ஆறு பேரோடு வண்டி நிறைந்துவிட்டது, நீங்கள் குதிரையில் பின்னால் வாருங்கள். சரி, வண்டி வருகிறது. வாசலில் நிறுத்தினால் பகட்டு என்று தெரு பேசுமே! மூன்று வீடு தள்ளி நிறுத்தச் சொல்கிறாள். அங்கே ஆறு பேரும் ஏறி உட்காருகிறார்களே, அந்த இடத்தில்தான் கூப்பர் ‘ஆல் அகாக்’ என்கிறார்.

கில்பின் குதிரைமேல் ஏறிவிட்டார். திரும்பிப் பார்த்தால் கடைக்கு மூன்று வாடிக்கையாளர்கள். இறங்கிவிட்டார்!

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் அப்பா ஞாபகம்தான். மளிகைக் கடை. திருச்செந்தூர் போக வேன் பேசியிருந்தோம். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும், மூன்று மணிக்கே நாங்கள் பிள்ளைகளெல்லாம் வேனுக்குள். ஜன்னல் சீட்டுக்கு அடிதடி, காரணமே இல்லாத சிரிப்பு, புளியோதரைத் தூக்கு என் மடியில் சுடுகிறது. டிரைவர் சாவி போட்டாயிற்று. ஒரு அம்மாள் வந்து, “அண்ணாச்சி, அரைக் கிலோ துவரம்பருப்பு” என்றார். அப்பா இறங்கிப் போய் ஷட்டரைத் தூக்கினார். போதாததற்கு, “வேறென்னம்மா வேணும்?” என்று வேறு கேட்டார்!

அந்த வேனுக்குள் நாங்கள் இருந்த நிலைதான் அகாக். புறப்படுவதற்கு முன்னாலேயே பாதி சந்தோஷத்தை அனுபவித்தாயிற்று. ரிசல்ட் நாளில் யாராவது அப்படிச் சிரிப்பார்களா? திரும்பவும் சொல்கிறேன், அகாக்கில் சிரிப்பு உண்டு.

அப்போது ரிசல்ட்டுக்கு என்ன சொல்வது? ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’. அலசிய கம்பளித் துணி சுருங்காமல் காய, மரச்சட்டத்தில் இழுத்து மாட்டுகிற கொக்கி அது. அப்பக்கமும் இப்பக்கமும் இழுபட்டு நிற்கிற துணி மாதிரி மனசு. வேனுக்கு அகாக், ரிசல்ட்டுக்குக் கொக்கி.

இன்னொன்று, அகாக்கைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடக் கூடாது. பிள்ளைகள் அகாக்காக இருந்தார்கள் என்னலாம், அகாக் பிள்ளைகள் என்றால் காது கூசும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிஷம். 1960களின் ‘கோ-கோ’ நடனத்துக்கும் இதே பிரெஞ்சு வேர்தான், அதை நிதானமாகச் சொல்ல நினைத்தேன். பிறகு நம் சொல் ஒன்று, விதும்பல். திருக்குறள் 127ஆம் அதிகாரத்துக்கு ‘அவர்வயின் விதும்பல்’ என்றே பெயர். ஆசையும் நடுக்கமும் அவசரமும் ஒரே சொல்லில்... விரலை மடக்கிவிட்டார். வணக்கம்.