வென்டிலேட்டரில் இருக்கும் பெரியவருக்குக் கழுத்தில் துளை எதற்கு?

[காட்சி: சேலம் இரும்பாலை நுழைவாயில்]

2021 மே. கொரோனா இரண்டாம் அலையில் படுக்கை தேடி ஊரே அலைந்தபோது, சேலம் இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட்டார்கள். ஆக்சிஜனும் போதாமல் வென்டிலேட்டருக்குப் போன முதியவர்கள் சிலரின் வீட்டாரிடம், அப்புறம் இன்னொரு கையெழுத்தும் கேட்கப்பட்டது. கழுத்தில் துளை போட. அதுதான் டிரக்கியாஸ்டமி.

[காட்சி: தொண்டையின் படம்]

வென்டிலேட்டர் குழாய் முதலில் வாய் வழியாக, குரல்நாண்களுக்கு நடுவே இறங்குகிறது. வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தால் உள்ளே புண்ணாகும். மூச்சுக்குழாய் சுருங்கவும் கூடும். வாய்க்குழாயைப் பொறுத்துக்கொள்ள மயக்க மருந்தும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வயதானவர் அப்படியே படுத்திருந்தால் தசை வேகமாகக் கரையும், நினைவு குழம்பும்.

துளையைக் குரல்வளைக்குக் கீழே போட்டு, அதில் ஒரு குழாயைச் செருகி வென்டிலேட்டரை இணைப்பார்கள். பெரும்பாலும் ஐசியூ படுக்கையிலேயே முடிந்துவிடும். அதன்பிறகு மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எளிதாக உறிஞ்சலாம், ஆளை உட்கார வைக்கலாம்.

கொரோனாவில் கூடுதலாக ஒரு சிக்கல்: மூச்சுக்குழாயைத் திறக்கும்போது கிருமி காற்றில் தெறிக்கும். அதனால் அந்தச் சில நொடிகள் வென்டிலேட்டரை நிறுத்தி வைப்பார்கள். 2020-இல் பல வழிகாட்டுதல்கள் குறைந்தது 10 நாள் பொறுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பிழைப்பாரா? துளை நுரையீரலைக் குணமாக்காது, அவகாசம் மட்டும் தரும். போட்ட பிறகும் இறந்த முதியவர்கள் நிறைய. நுரையீரல் தேறுகிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கலாம், தப்பே இல்லை.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை, பனி]

யாரும் முன்கூட்டி யோசிக்காதது வீட்டுக்கு வந்த பிறகான பாடு. காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது மூக்கின் வேலை. துளை வழியாக மூச்சு விடுபவருக்கு அது கிடையாது. ஏற்காட்டின் மார்கழிக் குளிர் நேராக உள்ளே போனால் சளி இறுகிக் குழாயை அடைக்கும். ராத்திரியில் அடைத்தால் சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள்! ஆகவே டிஸ்சார்ஜுக்கு முன்பே, சளி உறிஞ்சுவதையும் கழுத்துக் குழாய்க்குள் இருக்கும் உள்குழாயைக் கழற்றிக் கழுவுவதையும் வீட்டில் இரண்டு பேராவது நர்ஸ் முன்னால் செய்து காட்டுங்கள். கரண்ட் போனால் உதவும், காலால் மிதித்து இயக்கும் சளி உறிஞ்சும் கருவி, மூச்சுக்காற்றை ஈரமாக வைக்கக் குழாயில் மாட்டும் வடிகட்டி, மாற்றுக் குழாய் எல்லாம் கையில் இருக்கட்டும். திணறல் வந்தால் முதலில் உள்குழாயை உருவுங்கள். கூடவே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.