பெரிய டேங்க்கா, ஒல்லி பைப்பா

எல்லாருக்கும் வணக்கம். இஞ்சினியரிங் காலேஜ்ல பாடம் எப்படி நடத்தணும்ங்கறத பத்தி பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. தலைப்ப கேட்டதும் ரேடியோ ஸ்டேஷன மாத்திடாதீங்க. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தெருவுக்கு நாலு வீட்ல பி.இ. இருக்கு, முடிச்சவங்க இருப்பாங்க, படிச்சிட்டு இருக்கறவங்க இருப்பாங்க, அரியர் வச்சிட்டு வெளிய சொல்லாம இருக்கறவங்களும் இருப்பாங்க. அதனால இது உங்க வீட்டு விஷயம்தான்.

மொதல்ல உங்களுக்கு ஒரு கேள்வி. போர்டு கெடையாது, படம் கெடையாது, காதால கேட்டாலே போதும். பஞ்சாயத்து ஓவர்ஹெட் டேங்க் ஒண்ணு இருக்கு, பெருசு, ஊருக்கே தண்ணி குடுக்கறது. அதுக்கு பக்கத்துலயே ஒரு நாலு இஞ்ச் பி.வி.சி. பைப்ப நட்டுகுத்தலா நிறுத்தி வச்சிருக்காங்க, அதுலயும் தண்ணி ரொப்பியிருக்கு. ரெண்டுலயும் தண்ணி மட்டம் ஒரே உசரம், தரையிலேருந்து 10 மீட்டர்னு வச்சுக்கோங்க. ரெண்டுக்கும் அடியில தரைமட்டத்துல ஒரு குழாய், மூடி வச்சிருக்கு. எந்தக் குழாய்ல தண்ணி அதிக பிரஷரோட முட்டிக்கிட்டு நிக்கும்? டேங்க்னா ஒரு வெரல், பைப்னா ரெண்டு வெரல், ரெண்டுலயும் சமம்னா மூணு வெரல் காட்டுங்க. நீங்க காட்டறது எனக்குத் தெரியாது, ஆனா பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியும்ல, அவங்க என்ன காட்டறாங்கன்னு பாருங்க. வேறயா இருந்தா ஏன்னு கேளுங்க. பதில நான் இப்ப சொல்லப் போறதில்ல.

நான் மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்தினவ. ரொம்ப வருஷம். தண்ணி, எண்ணெய், காத்து இதெல்லாம் எப்படி ஓடுது, எப்படி அழுத்துதுங்கற பாடம். பசங்க அத பாத்தா பயப்படுவாங்க, ஆனா மொத யூனிட்ல வர்ற பிரஷர் ஃபார்முலா மட்டும் யாரையும் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. அடர்த்தி, புவியீர்ப்பு, உயரம், மூணையும் பெருக்கு, அவ்ளோதான். கணக்கு குடுத்தா அடிச்சிடுவாங்க, பத்துக்கு பத்து வாங்கிடுவாங்க.

அந்த கிளாஸ்ல, கணக்கெல்லாம் போட்டு முடிச்ச அதே வாரம், இப்ப உங்ககிட்ட கேட்ட கேள்விய கேட்டேன். பாதிக்கு மேல ஒரு வெரல். டேங்க்தான்னு.

மூணாவது பெஞ்ச்ல குடியாத்தத்துக்கார பையன் ஒருத்தன் எழுந்துட்டான். "இன்னா மேடம் இது, அம்மாந்தண்டி டேங்க்ல அவ்ளோ தண்ணி கீது, வெயிட்டு ஜாஸ்தி, பிரஷரும் ஜாஸ்திதானே?" கிளாஸ் பூரா ஆமாம் ஆமாம்னுச்சு. இவன் முந்தாநாள் அந்த ஃபார்முலாவ வச்சு மூணு கணக்கு சரியா போட்டவன். அந்த ஃபார்முலாவுல டேங்க்கோட அகலம்னு ஒண்ணு வரவே இல்ல பாருங்க, அது அவன் கண்ணுல படல. பரீட்சைக்கு ஒரு மூளை, டேங்க்க பாக்கறதுக்கு ஒரு மூளைன்னு ரெண்டு தனித்தனியா ஓடுது.

நான் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல வேற வெரல் காட்டினவங்க யாரோ அவங்கள ஒத்துக்க வைங்கடான்னு மட்டும் சொன்னேன். சத்தம்னா சத்தம். பக்கத்து கிளாஸ் ஸ்டாஃப் ஒருத்தர் எட்டிப் பாத்துட்டு "மேடம் நீங்க உள்ள இருக்கீங்களா, யாரும் இல்லன்னு நெனச்சேன்"ன்னுட்டு போனாரு. நம்ம காலேஜ்கள்ல நல்ல வாத்தியாருக்கு அடையாளமே கிளாஸ் அமைதியா இருக்கறதுதான், அது தனிக் கதை.

அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஒரு பொண்ணு, வாயே தொறக்காத பொண்ணு, அவ அப்பா பிளம்பிங் வேலை பாக்கறவரு. பக்கத்துல இருக்கறவகிட்ட சொல்லிட்டு இருக்கா: "மாடி ஷவர்ல தண்ணி சொட்டுதுன்னு யாராச்சும் சொன்னா எங்கப்பா டேங்க்க உசத்தி வைங்கன்னுதான் சொல்லுவாரு, பெரிய டேங்க் வாங்குங்கன்னு சொன்னதே இல்ல." அவ்ளோதான். அந்த ஒரு வார்த்தை பெஞ்ச் பெஞ்சா பரவிச்சு. திரும்ப வெரல் காட்டச் சொன்னேன், முக்காவாசி பேர் மூணு வெரல்.

ஆமா, பதில் மூணு. ரெண்டுலயும் சமம். 10 மீட்டர் தண்ணின்னா ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம், டேங்க் அகலமா இருந்தாலும் ஒல்லியா இருந்தாலும் அதேதான். மிச்ச தண்ணியோட வெயிட்டெல்லாம் எங்க போச்சுன்னா, அத டேங்க்கோட அடித்தளமும் அந்தத் தூணுங்களும் தாங்கிட்டு நிக்குது, குழாய்க்கு அதோட சம்பந்தமில்ல. உங்க வீட்ல கீழ சமையக்கட்டு குழாய்ல தண்ணி சீறிக்கிட்டு வருது, மொட்டமாடிக்கு கீழ இருக்கற பாத்ரூம் ஷவர்ல அழுகுது, காரணம் இதான். ஷவருக்கும் டேங்க்குக்கும் நடுவுல உசரமே இல்ல.

குடியாத்தத்து பையன் விடல. "சரி மேடம், குழாய தொறந்துட்டா?" தொறந்தா பைப்ல இருக்கற தண்ணி சட்டுனு எறங்கிடும், உசரம் கொறையக் கொறைய பிரஷரும் கொறையும், டேங்க்ல மட்டம் அசையாது. அப்ப டேங்க் எதுக்கு பெருசா கட்டறாங்கங்கறதும் அவனுக்கே வந்துடுச்சு. நான் போர்டுல எழுதிப் போட்டிருந்தா இந்த ரெண்டாவது கேள்வி வந்திருக்குமா? வந்திருக்காது.

இந்த முறைய நான் கண்டுபிடிக்கல. அமெரிக்காவுல ஹார்வர்ட்ல எரிக் மஸூர்னு ஒரு பிசிக்ஸ் புரொபசர். நல்லா நடத்தறாருன்னு பேர் வாங்கினவரு. 1990 வாக்குல, கணக்கே இல்லாம வெறும் கருத்த மட்டும் சோதிக்கற ஒரு டெஸ்ட்ட பசங்களுக்கு குடுத்தாரு. ஒரு ஸ்டூடண்ட் கேட்டாங்களாம், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி எழுதணுமா, நான் நெஜமா நெனைக்கற மாதிரி எழுதணுமான்னு. இந்தக் கேள்விய கேட்டா எந்த வாத்தியாருக்கும் தூக்கம் வராது. அதுக்கு அப்புறம்தான் அவரு இப்படி மாத்தினாரு: கேள்வி கேளு, தனியா யோசிச்சு ஓட்டு போடச் சொல்லு, சுமார் 30லேருந்து 70 சதவீதம் பேர் சரியா சொன்னா பக்கத்துல இருக்கறவனோட பேசவிடு, திரும்ப ஓட்டு. அதுக்கும் கொறைஞ்சா பாடத்த திரும்ப எடு, அதுக்கு மேல இருந்தா அடுத்ததுக்கு போ. மெஷின் கிஷின் எதுவும் வேணாம், வெரல் போதும். இதுல கஷ்டமான வேலை எது தெரியுமா, தப்பான பதில நல்லா எழுதறதுதான். பையன் மனசுல நெஜமாவே இருக்கற தப்பு அந்த ஆப்ஷன்ல உக்காந்திருக்கணும், சும்மா ஏதோ நம்பர போட்டு வைக்கக் கூடாது.

இது வேலைக்கு ஆகுமான்னு கேப்பீங்க. 1998ல ரிச்சர்ட் ஹேக்ங்கறவரு 62 பிசிக்ஸ் கோர்ஸ், 6000 பேருக்கு மேல, எல்லாத்தையும் சேத்து பாத்தாரு. கோர்ஸ் ஆரம்பத்துல தெரியாம இருந்ததுல எவ்ளோ புதுசா புரிஞ்சுதுன்னு கணக்கு. வழக்கமா லெக்சர் மட்டும் நடந்த எடத்துல கால்வாசி கூட தேறல, 23 சதவீதம். பசங்கள பேசவிட்டு யோசிக்கவிட்ட எடத்துல 48. அது பிசிக்ஸ் மட்டும்தானேன்னா, 2014ல சயின்ஸ், இஞ்சினியரிங், கணக்கு எல்லாம் சேத்து 225 ஆய்வ மொத்தமா அலசிப் பாத்தாங்க: வெறும் லெக்சர்ல ஃபெயில் ஆனவங்க 100க்கு ஏறக்குறைய 34 பேர், பசங்கள ஈடுபடுத்தின கிளாஸ்ல 22 பேர். நூத்துக்கு பன்னெண்டு பேர். அறுபது பேர் கிளாஸ்னு வச்சுக்கிட்டா ஏழு பசங்க அரியர் இல்லாம வீட்டுக்கு போறாங்க, ஏழு வீட்ல சண்டை இல்ல.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச ஆய்வு 2019ல வந்தது, அதுவும் ஹார்வர்ட்தான். ரெண்டு விதமாவும் பாடம் எடுத்தாங்க, முடிஞ்சதும் பசங்ககிட்ட எதுல நல்லா கத்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. சரளமா நடத்தின லெக்சர்லதான்னு சொன்னாங்க. டெஸ்ட் வச்சா, தாங்களே மல்லுக்கட்டின கிளாஸ்லதான் அதிக மார்க். அதாவது புரிஞ்ச மாதிரி இருக்கறது வேற, புரியறது வேற. நாம வீட்ல கேக்கறது என்ன? "அந்த சார் எப்படி, நல்லா நடத்துவாரா?" பையனும் "சூப்பரா நடத்துவாரு"ங்கறான். நடத்துவாரு சரி, நீ என்னடா செஞ்ச அந்த ஒரு மணி நேரம்னு கேளுங்க. இதையேதான் நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன், பொறுத்துக்கோங்க. வாத்தியார் என்ன பண்ணாருங்கறது ரெண்டாவது, பசங்க என்ன பண்ணாங்கங்கறதுதான் மொதல்ல.

ஸ்டாஃப் ரூம்ல இத சொன்னா ஒடனே வர்ற பதில், "போர்ஷன் முடியாது மேடம்." அஞ்சு யூனிட், இன்டர்னல் மூணு, நடுவுல சிம்போசியம், லீவு. நெஜம்தான், நான் மறுக்கல. ஆனா போர்ஷன் முடிஞ்சுதுன்னா யாரு முடிச்சது? நாம முடிச்சோம். பையன் ரெண்டாவது யூனிட்லயே எறங்கிட்டான், பஸ்ஸு மட்டும் டைமுக்கு டெப்போ போய் சேந்துச்சு. யூனிட்டுக்கு ரெண்டே ரெண்டு கேள்வி இப்படி வச்சுப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம், அதுக்கு போர்ஷன் இடம் குடுக்கும். நோட்ஸ் டிக்டேட் பண்ற நேரத்துல பாதி மிச்சமாவும், அத ஜெராக்ஸ் கடைக்காரர் எப்படியும் பாத்துக்கறாரு.

கேட்டுட்டு இருக்கற பசங்களுக்கு ஒண்ணு, சீக்கிரம் சொல்லிடறேன். படிச்சதையே திரும்பத் திரும்ப படிக்காதீங்க. 2006ல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் சோதிச்சாங்க. நாலு தடவ படிச்ச குரூப்பு ஒரு பக்கம், ஒரு தடவ படிச்சுட்டு மூணு தடவ பாக்காம எழுதிப் பாத்த குரூப்பு ஒரு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா படிச்சவன் ஜெயிச்சான். ஒரு வாரம் கழிச்சு கேட்டா படிச்சவனுக்கு 40 சதவீதம் ஞாபகம், எழுதிப் பாத்தவனுக்கு 61. எக்ஸாம் ஹால் வாசல்ல நின்னு புக்க பொரட்டறவங்களுக்கு அந்த அஞ்சு நிமிஷம் மட்டும்தான் உதவும்.

அடுத்து பாடத்திட்டம். 2014ல இந்தியா வாஷிங்டன் அக்கார்டுங்கற சர்வதேச ஒப்பந்தத்துல முழு மெம்பர் ஆச்சு, அதாவது அங்கீகாரம் வாங்கின கோர்ஸ்ல படிச்ச நம்ம பி.இ.ய மத்த மெம்பர் நாடுங்களும் சமமா மதிக்கும்னு. நல்ல விஷயம். அதுக்காக, பட்டம் வாங்கி வெளிய வர்றவங்க கிட்ட இன்ன இன்ன தெறமை இருக்கணும்னு பன்னெண்டு வச்சாங்க, கணக்கு, டிசைன்லேருந்து நேர்மை, டீமா வேலை செய்யறது வரைக்கும். எண்ணம் பிரமாதம். நம்ம கைக்கு வந்ததும் அது எக்செல் ஷீட் ஆயிடுச்சு. ஒவ்வொரு பாடமும் எந்தத் தெறமைக்கு எவ்ளோ உதவுதுன்னு கட்டம் போட்டு 1, 2, 3னு ரொப்பறோம். அதே மாதிரி 1956ல புளூம்ங்கறவரோட குழு கத்துக்கறதுக்குப் போட்ட அடுக்கு ஒண்ணு இருக்கு, ஞாபகம், புரிதல்னு ஆரம்பிச்சு மேல போறது. கொஸ்டின் பேப்பர்ல கேள்விக்கு பக்கத்துல அது எந்த அடுக்குன்னு கே ஒண்ணு, கே ரெண்டுன்னு போடணும். பல வருஷமா கேட்டுட்டு இருக்கற அதே கேள்வி, மொத வார்த்தைய மட்டும் மாத்தி கே நாலுன்னு போட்டுடுவாங்க. கேள்வி பெஞ்ச்லயே உக்காந்திருக்கு, நம்பர் மட்டும் மாடி ஏறிடுச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். நான் அதிகமா பேசணும்னு வந்தது ப்ராஜெக்ட பத்தி, டேங்க்கே நேரத்த குடிச்சிடுச்சு.

வேகமா சொல்றேன். டென்மார்க்ல ஆல்போர்க்னு ஒரு யூனிவர்சிட்டி, 1974ல ஆரம்பிச்சது, ஆரம்பத்துலேருந்தே செமஸ்டர்ல ஏறக்குறைய பாதி நேரம் குரூப்பா ஒரு நெஜ பிரச்சினைய எடுத்து வேலை செய்யணும், பாடம் அதுக்கு துணையா வரும். நம்ம பசங்க கடைசி வருஷம் ப்ராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்கறாங்க, பைண்டிங்கோட. வாங்கத் தேவையே இல்லாத ஊரு நம்ம ஊரு. ராணிப்பேட்டைல பி.எச்.இ.எல்., பவர் பிளாண்ட் புகையிலேருந்து சாம்பல புடிக்கற கருவி செய்யறாங்க. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரி தண்ணி பாலாத்த என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரைக்கும் போன விஷயம். தோல் பதப்படுத்தப் போடற குரோமியத்த புடிச்சிடலாம், ஆனா அந்தத் தண்ணியிலேருந்து உப்ப பிரிக்கறதுக்கு கரண்ட் செலவு ஜாஸ்தி, பிரிச்ச உப்ப எங்க வைக்கறதுன்னு அடுத்த தலைவலி, கெமிக்கல், மெக்கானிக்கல், சிவில் மூணு டிபார்ட்மெண்ட் பசங்களும் சேந்து உக்கார வேண்டிய ப்ராஜெக்ட் அது. ஐடா ஸ்கடர் அம்மா 1918ல மெடிக்கல் ஸ்கூல் ஆரம்பிச்ச நம்ம வேலூர்ல டாக்டருக்கு படிக்கறவங்க பேஷண்ட் பக்கத்துல நின்னு கத்துக்கறாங்க, இஞ்சினியருக்கு படிக்கறவன் மட்டும் ஃபேக்டரிக்கு ஒரு நாள் இண்டஸ்ட்ரியல் விசிட்னு போய் போட்டோ எடுத்துட்டு வர்றான்.

சரி, சரி, முடிச்சுக்கறேன். கவுன்சிலிங்குக்கு முன்னாடி காலேஜ் பாக்க போற அப்பா அம்மா யாராச்சும் கேட்டுட்டு இருந்தா, பிளேஸ்மெண்ட் போர்ட பாத்தது போதும், லேப்புக்குள்ள போய் ஒரு மெஷினுக்கு எத்தன பசங்க நிக்கறாங்கன்னும், போன வருஷம் ப்ராஜெக்ட் யாராச்சும் பசங்க வந்து விளக்குவாங்களான்னும் கேளுங்க. வணக்கம்.