தாடி முளைத்த கிழங்கு

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் மண்டபம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கிழங்குதான் சோறு என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஆனால் நான் முதலில் சொல்லப்போவது நம் பக்கம் விளையாத ஒரு கிழங்கின் கதை.

ஐரோப்பாவில் சீனி எடுக்க ஒரு பீட்ரூட் போடுகிறார்கள். நம் பீட்ரூட்டுக்கு அண்ணன், உள்ளே வெள்ளை. 1950களில் இத்தாலியில் அந்தக் கிழங்குக்குத் தாடி முளைத்தது. ரைசோமேனியா, அதாவது வேர்ப் பைத்தியம் என்றார்கள். பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு கீழே சூம்பிப்போய், சுற்றிலும் சல்லி வேர் மண்ணைக் கவ்விக்கொண்டு கொத்தாகத் தொங்கும். குறுக்கே வெட்டினால் உள்வளையம் பழுப்பேறியிருக்கும். இத்தனை வேர் இருந்தால் தண்ணீர் நன்றாக இழுக்குமே என்று தோன்றும். எங்கே? முளைக்க முளைக்கச் சாகிற வேர் அது. உச்சி வெயிலில் செடி துவண்டுவிடும். 16, 17 விழுக்காடு இருக்க வேண்டிய சீனி 10க்கும் கீழே போவதுண்டு.

காரணம் ஒரு வைரஸ். அதற்கு மஞ்சள் நரம்பு வைரஸ் என்று பெயர், ஆனால் இலையில் அந்த மஞ்சள் நரம்பு அபூர்வமாகத்தான் தெரியும். பெயரை நம்பி இலையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம்.

சரி, வைரஸுக்குக் கால் ஏது? மண்ணில் பாலிமிக்ஸா என்று பூஞ்சை மாதிரி ஒரு நுண்ணுயிர். மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் அதன் வித்துகள் நீந்திப்போய் வேரில் புகும். தோட்டத்து லாரி ஆள் ஏற்றுவது போல வைரஸையும் ஏற்றிக்கொண்டு போகும். அப்புறம் கெட்டி ஓட்டுக்குள் பதுங்கி 15 ஆண்டுக்கு மேலும் கிடக்கும். நடுவில் வேறு பயிர் போட்டாலும் அசையாது. டிராக்டர் டயரில் ஒட்டிய மண்ணோடு அடுத்த வயலுக்கும் போய்விடும். மருந்தடித்துத் தீராது. தாங்கும் ரகங்களைத்தான் நடுகிறார்கள். அந்தத் தடுப்பையும் மீறும் வைரஸ் பின்னாளில் கலிபோர்னியாவில் தலைகாட்டியது.

கூட்டம் தொடங்குமுன் ஓர் அக்கா கேட்டார், "என் மரவள்ளி இலை சுருண்டு திட்டுத்திட்டா இருக்கே, மண்ணை மாத்தணுமா?" மண் மேல் பழி போடாதீர்கள் அக்கா. இலையைப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. தேமல் நோயாக இருந்தால் அது வேறு வைரஸ். வெள்ளை ஈயோடும் நடுகிற குச்சியோடும் வரும். 2015இல் கம்போடியாவில் கண்டார்கள், பிறகு வியட்நாமுக்கும் தாய்லாந்துக்கும் போனது. குச்சி கொடுத்தவர் வீட்டுச் செடியை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.