டி.என்.ஏ.வும் பூச்சரமும்: ஒரே பக்கமாகக் கட்டும் கை

[காட்சி: மயிலாப்பூர் மாட வீதி, மாலை நேரம். பூ கட்டும் விரல்கள் மட்டும்.]

இந்த அம்மாவின் விரல்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பூவை வைக்கிறார், நாரைச் சுற்றி இழுக்கிறார், அடுத்த பூ. சரம் வளர்வது ஒரு முனையில் மட்டும்தான். ஆரம்பித்த முனைக்குப் போய் அங்கே ஒரு பூவைச் சேர்க்க மாட்டார். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகும் முன்பு, மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. நகலாவதும் இப்படித்தான்.

[காட்சி: மெதுவாகச் சுழலும் இரட்டைச் சுருள்.]

டி.என்.ஏ.வில் இரண்டு இழைகள். ஒவ்வொன்றிலும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வருவதுதான் நார். அதில் நான்கு வகைப் பூக்கள்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின். ஜோடி மட்டும் மாறவே மாறாது. அடினைனுக்கு எதிரே தைமின், நடுவில் 2 ஹைட்ரஜன் பிணைப்புகள். குவானைனுக்கு எதிரே சைட்டோசின், அங்கே 3. சுருளின் அகலம் 2 நானோமீட்டர்தான். ஆனால் ஒரே ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் சுமார் 2 மீட்டர் வரும்!

இந்த வடிவத்துக்கு முக்கியமான தடயம், 1952இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்கும் எடுத்த எக்ஸ்ரே படம். 1953இல் வாட்சன், கிரிக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த இரட்டைச் சுருள் மாதிரியை வெளியிட்டார்கள். ஃபிராங்க்ளினுக்கு உரிய பெயர் அவர் உயிரோடு இருந்தவரை கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. அடுத்த ஆண்டே, 1954இல், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழைச் சுருள் என்று கண்டு சொன்னார்கள். சென்னைப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நகலுக்கு வருவோம்.

[காட்சி: சுருள் ஓரிடத்தில் பிரிகிறது.]

ஹெலிகேஸ் என்ற நொதி, அதாவது செல்லுக்குள் வேதிவேலைகளை நடத்தும் புரதம், இரண்டு சரங்களையும் பிரித்துக்கொண்டே போகிறது. ஜோடி மாறாது என்பதால், ஒரு சரத்தைப் பார்த்தே எதிர்ச்சரத்தைக் கட்டிவிடலாம். கட்டுகிற கை, டி.என்.ஏ. பாலிமரேஸ். முடிவில் கிடைக்கும் இரண்டு சுருள்களிலும் ஒரு பழைய இழை, ஒரு புதிய இழை. 1958இல் மெசல்சன், ஸ்டால் என்ற விஞ்ஞானிகள் பாக்டீரியாவை முதலில் கனமான நைட்ரஜனிலும் பிறகு சாதாரண நைட்ரஜனிலும் வளர்த்து, பழைய இழையையும் புதிய இழையையும் எடையால் பிரித்தறிந்து இதை நிரூபித்தார்கள்.

சிக்கல் இனிமேல்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் தண்டவாளமும் அங்கிருந்து திரும்பி வரும் தண்டவாளமும் போல, இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. பாலிமரேஸுக்கோ ஒரு திசையில்தான் கட்ட வரும். ஓர் இழையில் ஹெலிகேஸின் பின்னாலேயே நிற்காமல் கட்டிக்கொண்டு போகலாம். இன்னோர் இழையில்? கொஞ்சம் பிரியும்வரை பொறுத்திருந்து, ஹெலிகேஸ் போகும் திசைக்கு எதிராக ஒரு துண்டு கட்டுகிறது. மறுபடி கொஞ்சம் பிரிந்ததும் முன்னால் வந்து இன்னொரு துண்டு. முழம் முழமாகக் கட்டி அப்புறம் முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதுபோல. முடிச்சுப் போடுவது லிகேஸ் என்ற நொதி. நம் செல்களில் ஒரு துண்டுக்கு 100 முதல் 200 பூக்கள்.

இந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயாவில் வேலை செய்த ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதி. ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர். 1975இல், 44 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தார். சுனேகோ அம்மையார் அந்த ஆய்வை விடாமல் தொடர்ந்தார். துண்டுகளுக்கு இன்றும் ஒகசாகி என்றுதான் பெயர்.

இவ்வளவு சிரமம் எதற்கு? இரண்டு பக்கமும் கட்டத் தெரிந்த நொதி இருந்தால் சுலபமாயிற்றே? விஞ்ஞானிகள் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சேர வரும் ஒவ்வொரு பூவும் தன்னைக் கட்டுவதற்கான ஆற்றலைத் தன் பாஸ்பேட்டுகளிலேயே கொண்டுவருகிறது. தப்பான பூ வந்துவிட்டால் பாலிமரேஸ் அதை வெட்டி எடுத்துவிடும். அடுத்த பூ தன் ஆற்றலோடு வரும், நஷ்டமில்லை. எதிர்த்திசையில் கட்டினால் அந்த ஆற்றல் சரத்தின் நுனியில் இருக்க வேண்டும். தப்பை வெட்டும்போது அதுவும் போய்விடும், சரம் அதற்குமேல் வளராது. இப்படித் திருத்தியும், பிறகு வேறு நொதிகள் இன்னொரு முறை சரிபார்த்தும், பிழை சுமார் 100 கோடிப் பூக்களுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைகிறது.

[காட்சி: மீண்டும் மாட வீதி. அம்மா வாடிய பூ ஒன்றை உருவிவிட்டு, அதே இடத்தில் புதுப் பூவை வைத்து நாரை இழுக்கிறார்.]