மருந்து டப்பாவில் தமிழ் எங்கே?

தலைமை தாங்கும் நூலகர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சித்த மருத்துவர் அம்மா அவர்களே (அவரை வைத்துக்கொண்டு மருந்து பற்றிப் பேசக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது), மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம்.

மூலிகைக் கலப்படம், விளம்பரம், லேபிள் என்று மூன்று விஷயம் பேச வந்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நம் வீட்டில் விருந்தாளி மூன்றாம் நாள் கிளம்பிவிடுகிறார், லேகியம் மட்டும் வருஷக்கணக்கில் அலமாரியில் குடியிருக்கிறது. மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்கிறார்கள். நம் மாநில மலர் செங்காந்தள், அதன் கிழங்கைத் தின்றால் உயிர் போய்விடும். எட்டி, நாபி, நேர்வாளம், சேராங்கொட்டை என்ற நச்சுச் சரக்குகள் எல்லாமே செடி கொடி மரத்தில் வருவதுதான்.

எங்கள் பெரியப்பாவுக்கு மூட்டுவலி. ஐந்தாம் வகுப்புப் படிப்பு, தமிழ் மட்டும் வாசிப்பார். டவுன் கடையில் சேராங்கொட்டை லேகியம் வாங்கி வந்தார். டப்பாவில் சிவப்பு எழுத்தில் இரண்டு வரி. “பாருடா, ரெண்டு பாஷையில சீல் போட்டிருக்கான், ஒரிஜினல் சரக்கு!” என்று தெருவெல்லாம் காட்டினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று பெரியம்மா சொன்னதைக் கேட்கவில்லை, வேளைக்கு இரண்டு கரண்டி, போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கிண்ணம். ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு, முகம் பூசணிக்காய். காலேஜ் படிக்கும் பேத்தி வந்து அந்தச் சிவப்பு வரியை வாசித்தாள்: எச்சரிக்கை, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளவும்!

சிரிக்கிறீர்கள், சரி. கடைக்காரரும் கம்பெனியும் இதில் சட்டத்தை மீறவே இல்லை. 1945 மருந்து விதிகளின் இ-1 அட்டவணையில் இந்த நச்சுச் சரக்குகளின் பட்டியல் இருக்கிறது, அவை சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தில் எச்சரிக்கை போட வேண்டும் என்கிறது 161-ஆம் விதி. எந்த மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழில் பாட்டாக எழுதி வைத்த சித்த மருந்துக்குத் தமிழில் ஒரு வரி எச்சரிக்கை கட்டாயம் இல்லையாம்! இது எந்த ஊர் நியாயம்?

விளம்பரத்துக்கு முன் அனுமதி கேட்கும் 170-ஆம் விதி 2018-இல் வந்தது, 2024-இல் மத்திய அரசு அதை நீக்கியது, உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது, 2025-இல் அந்தத் தடையையும் விலக்கிக்கொண்டது. அது பெரிய கதை, தலைவர் மணியைத் தொடுகிறார், கலப்படத்தோடு சேர்த்து இன்னொரு நாள் பேசுவோம். விருந்தும் மருந்தும் மட்டுமில்லை, மேடைப் பேச்சுக்கும் அளவு உண்டே. லேபிளில் தமிழ் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை மட்டும் அங்கேயே வைத்துவிடுங்கள், நூலகத்துப் பேனா அது.