வராத கதவுக்கும் ஒரு குழாய்

வணக்கம் நேயர்களே. நான் கட்டடங்களுக்கு மின்வேலை செய்கிறவன். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் மாடி எழுப்புகிறவர்கள் இப்போது என்னிடம் கேட்பது, "தம்பி, காட்டைக் காட்டினால் கதவு திறக்கிற மாதிரிச் செய்யலாமோ?" வன்னியில் காடு என்றால் பாலையும் முதிரையும்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது பிளாஸ்ரிக் காட்.

செய்யலாம். ஆனால் நான் திருப்பிக் கேட்பது, "இன்னும் பத்து வருசத்தில் உங்களுக்கு எத்தனை கதவு?" என்பதைத்தான். காட்டைப் படிக்கிற ரீடரைப் பிறகும் மாற்றலாம். பூச்சுக்குள் போய்விட்ட வயர்க் குழாயை மாற்ற உளியும் சுத்தியலும் எடுக்க வேண்டும்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விடுதியில் வாசல் கதவுக்கு, கரண்ட் இருக்கும்வரை கதவை இழுத்துப் பிடிக்கும் காந்தப் பூட்டுப் போட்டேன். பூட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் மின்பெட்டியிலிருந்து 60 மீற்றர் தூரம், 0.5 சதுர மில்லிமீற்றர் வயர். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வருசம் பக்கத்தில் இன்னொரு கதவு வைத்தார்கள். புது வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, இரண்டாவது பூட்டையும் அதே வயரில் கொழுவிவிட்டேன். கொஞ்ச நாளில் பொடியன்கள் தோளால் ஒரு இடி இடித்துக் கதவைத் திறக்கப் பழகிவிட்டார்கள். மீற்றர் வைத்துப் பார்த்தேன். 12 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 9 கூட இல்லை. பூட்டு ஒன்று அரை அம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் சேர்த்து மெல்லிய வயர் தாங்காது. வாய்க்காலின் கடைசிக் காணிக்காரரைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாக விளக்குவார். கடைசியில் 24 வோல்ற் பூட்டுகளும் மின்பெட்டியும் போட்டுத்தான் தப்பினேன். அதே வேலைக்குப் பாதி அம்பியர் போதும்.

கொன்ரோலர் என்ற மூளைப்பெட்டி எப்போதும் உள்ளே, பூட்டிய அறைக்குள் இருக்க வேண்டும். ரீடரும் கொன்ரோலரும் ஒன்றாகச் சேர்ந்த மலிவுப் பெட்டியை வெளிச்சுவரில் பூட்டினால், அதைக் கழற்றி இரண்டு வயரை முட்ட வைக்கிறவனுக்குக் காட் தேவையில்லை. இன்று இரண்டு கதவு என்றாலும் நாலு கதவுக் கொன்ரோலர் வாங்குங்கள். ரீடருக்கு வயர் இழுக்கும் பழைய வீகான்ட் முறை 150 மீற்றரோடு நின்றுவிடும். அதில் தகவல் ஒரு பக்கம்தான் போகும், வேறு யாரும் படிக்காதபடி தகவலைப் பூட்டும் மறைகுறியும் இல்லை. ஓஎஸ்டிபி என்ற புதிய முறை ஆர்எஸ் 485 என்ற இணைப்பு வகையில் ஓடுகிறது. 1200 மீற்றர் வரை போகும். ரீடரை யாராவது பிடுங்கினால் கொன்ரோலருக்குத் தெரியவும் வரும். காட் விசயத்திலும் கவனம் தேவை: 125 கிலோஹேர்ட்ஸ் மலிவுக் காட்டைச் சின்னக் கருவி ஒன்றால் ஒரு நிமிடத்தில் பிரதி எடுத்துவிடலாம்.

இனி மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனபோது, பாணந்துறையில் ஒரு குரங்கின் வேலை என்றார் அமைச்சர். எங்கள் கதவுக்குக் காரணம் முக்கியமில்லை. ஒரு பூட்டுக்கு 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி கணக்குப்படி 14 மணித்தியாலம். இரண்டு பூட்டென்றால் அதில் பாதி. பற்றரி பழசாகப் பழசாக அதுவும் குறையும். சீற் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் பற்றரியை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். சித்திரை வெயிலில் அந்த இடத்துக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். கீழே, சுவரில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள்.

கரண்ட் போனால் காந்தப் பூட்டு திறந்துவிடும். ஆட்கள் வெளியேறும் வாசலுக்கு அதுதான் வேண்டும். களஞ்சிய அறைக்குக் கரண்ட் போனாலும் பூட்டியே நிற்கும் வகை இருக்கிறது. உள்ளே நிற்கிறவர் கைபிடியைத் திருப்பி வெளியே வரலாம். இரண்டையும் மாறிப் போடாதீர்கள்.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்பு வயர் இழுக்காமல், ஒளியில் தகவல் அனுப்பும் ஃபைபர் இழுப்பது நல்லது. ஐப்பசி இடிமின்னல் செப்பு வழியே வந்து இரண்டு பக்கத்துப் பெட்டிகளையும் சேர்த்துக் கொண்டுபோகும். பெட்டித் துவாரங்களையும் அடையுங்கள். நான் திறந்த பெட்டிகளில் பாதியில் சிற்றெறும்பு குடியிருந்தது.

போன மாதம் ஒரு கட்டடத்தில் மேசன் கேட்டார், "ஐயா, இந்த நாலு குழாய்க்குள்ளையும் ஒண்டுமில்லையே, ஏன் பதிக்கிறியள்?" மாடி எழும்பும்போது கதவு வரும் இடங்களைச் சுவரில் சோக்கால் கீறிக் காட்டினேன். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு நைலோன் கயிறு ஓடவிட்டு, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பூச விட்டேன்.